அச்சின் மேல் ஏறும் வில்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளத்தையும் திருவேங்கடத்தையும் தழுவிக்கொண்டு கோவில்பட்டி வரையில் விரிந்து கிடக்கும் கரிசல் பூமியும், மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஆகிய ஊர்களைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தைத் தொட்டு நிற்கும் செம்மண்ணும் சரளையுமான பூமியும், மோட்டார் வண்டிகளை இரு வேறு விதமாகப் பரீட்சை செய்யும் பிரதேசங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழைந்த கரிசல், சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். மலையடிவாரத்து ஓடைகளில் வெள்ளம் உருட்டிக் கொணர்ந்த பாறைகளோ, வண்டியின் அடிப்பாகத்தை உரசிப் பார்க்கும். இந்த இரண்டு இடையூறுகளையும் அனுபவித்த ஒருவர், பழைய மாருதி ஜிப்ஸியையோ மஹிந்திரா ஜீப்பையோ விலைக்கு வாங்கியவுடன், ‘வண்டியை இன்னும் கொஞ்சம் தூக்கி நிறுத்தினால் என்ன?’ என்று எண்ணுவது முற்றிலும் இயற்கையே. அப்படித் தூக்கி நிறுத்தும் முறைகளுள் செலவு குறைந்ததாகவும் பலன் மிகுந்ததாகவும் பெயர் பெற்றது, அச்சின் கீழே கட்டப்பட்டிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை அவிழ்த்து அச்சின் மேலே ஏற்றிக் கட்டும் முறையாகும். அதனால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன, அதற்காகக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்ப்போம். ஏனெனில் இது மனிதர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பட்டை ஸ்பிரிங் நமக்குப் புதியதன்று. பண்ணையார் வீட்டு வில்வண்டியில் கூட்டுக்கும் அச்சுக்கும் இடையே அமைந்து, பாதையின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவரைச் சௌகரியமாக அழைத்துச் சென்ற வில்லும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். மோட்டார் வண்டியில், நீளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்துவரும் எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவே ஒரு சென்டர் போல்ட்டால் பிணைத்து, எல்லாவற்றிலும் நீண்டதாகிய மெயின் பட்டையின் இரு முனைகளையும் வளையமாகச் சுருட்டி, ஒரு முனையைச் சட்டத்தில் நிலையாகவும், மறு முனையை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பின் வழியாகவும் மாட்டியிருப்பார்கள். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டையின் நீளம் மிகுமாதலால், அந்த மிகுதிக்கு இடம் கொடுக்கவே ஷேக்கிள் ஊசலாடுகிறது. இந்தப் பட்டைக் கட்டின் நடுப்பாகத்தை யூ போல்ட்டுகள் அச்சோடு இறுகப் பிணைக்கின்றன. வண்டியைத் தாங்குவது, சக்கரத்தை அதன் ஸ்தானத்தில் நிறுத்துவது, அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பது ஆகிய மூன்று காரியங்களையும் இந்த ஒரே அமைப்புச் செய்துவிடுகிறது என்பதை வாசகர்கள் கவனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் சங்கடங்கள் பலவற்றுக்கும் மூலம் இதுவே.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 முதல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் உற்பத்தி செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிலும், 1949-இல் பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தார் கோத்து முடிக்கத் தொடங்கிய அதன் வாரிசுகளிலும், 1985 டிசம்பரில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து ராணுவத்துக்கும் போலீஸுக்கும் வனத்துறைக்கும் நெடுங்காலம் உழைத்த ஜிப்ஸியிலும், பட்டைகள் அச்சின் கீழேதான் கட்டப்பட்டன. சரக்கு லாரிகளில் பெரும்பாலும் அவை அச்சின் மேலே இருப்பதை எந்தப் பட்டறையிலும் காணலாம். அப்படியிருக்க, இந்தச் சிறு வண்டிகளுக்கு மட்டும் கீழே கட்டுவானேன்? அகலம் குறைந்த வண்டியில் பாரம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது ஸ்திரமாக நிற்கும். பட்டை தரைக்கு அருகில் இருக்கையில் அச்சை முறுக்கும் விசையும் குறைவாக இருக்கும். வண்டியை வகுத்தவர்கள் சௌகரியத்தையும் ஆபத்தையும் எடை போட்டுப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்தார்கள். அதை மாற்ற முற்படுகிறவர், அவர்கள் போட்ட கணக்கை முதலிலிருந்து மறுபடியும் போட்டாக வேண்டும்.

செய்யும் வேலையைச் சொல்லுவது எளிது. அச்சுக் குழாயின் மேற்புறத்தில் பட்டை அமர்வதற்கான புதிய பீடங்களைப் பற்றவைத்து, அதுவரை குழாயின் அடியில் தொங்கிய பட்டைக் கட்டை எடுத்து அந்தப் பீடங்களின் மேல் அமர்த்தி, யூ போல்ட்டுகளைத் தலைகீழாக மாட்டி முடுக்கிவிட்டால், அச்சுக் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் பீடத்தின் உயரமும் சேர்ந்து, ஜிப்ஸியின் குடும்பத்தைச் சேர்ந்த சுஸுகி வண்டிகளில் ஏறத்தாழ 5 அங்குலம், அதாவது சுமார் 125 மில்லிமீட்டர், வண்டியின் கூடு உயர்ந்துவிடும். புதுப் பட்டை வாங்க வேண்டியதில்லை; பழைய பட்டையின் மென்மையும் கெடுவதில்லை. கூடுதல் பட்டை சேர்த்துத் தூக்கினால் வண்டி விறைத்துப்போய்க் குலுக்கும். அந்தத் துன்பம் இதில் இல்லை. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறு சக்கரம் மேட்டிலும் ஏறும்போது, அச்சு தாராளமாகச் சாய்ந்து நான்கு சக்கரங்களும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க இந்த மென்மை பெரிதும் உதவுகிறது.

ஜிப்ஸியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் 2,375 மில்லிமீட்டர். அவற்றின் நடுவே வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 250 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 24 பாகை முறிவுள்ள மேட்டையே அது வயிறு தட்டாமல் கடக்கும்; 125 மில்லிமீட்டர் உயர்த்தியபின் அதுவே 35 பாகை வரையில் போகும். ஓடைக்கரையிலிருந்து ஓடைக்குள் இறங்கி மறுகரை ஏறுகிறவருக்கு இந்த 11 பாகை மிகப் பெரிய அனுகூலம். மேலும், பட்டையின் அடியில் தொங்கிக்கொண்டு பாறைகளில் மாட்டிய தகடுகளும் யூ போல்ட்டு முனைகளும் இப்போது மறைந்துவிடுகின்றன. பெரிய டயர் மாட்டவும் இடம் கிடைக்கிறது.

ஆனால் ஒரு முக்கியமான உண்மையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியின் அடிப்பாகங்களிலெல்லாம் மிகத் தாழ்ந்தது அச்சின் நடுவே குடம்போல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல். ஜிப்ஸியின் தரை இடைவெளி என்று குறிக்கப்படும் 210 மில்லிமீட்டர், அதன் மிகத் தாழ்ந்த பாகத்துக்குரிய அளவு. பட்டையை மேலே ஏற்றுவதால் கூடு உயருமே தவிர, அச்சு ஒரு மயிரிழையும் உயராது. ஏனெனில் அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது, சக்கரம் தரையில் நிற்கிறது. அச்சை உயர்த்தும் வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றேதான். 205/70 ஆர் 15 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டினால் சுமார் 733 ஆகும். வித்தியாசத்தில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர் மாத்திரம், டிஃபரன்ஷியலுக்குக் கிட்டும். 31 அங்குல டயர் மாட்டினால் அந்த லாபம் 60 மில்லிமீட்டராகும். ஆனால் அப்போது ஓட்டும் பற்சக்கர விகிதம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உயர்ந்து, என்ஜின் திணறும். வேகமானி 50 காட்டும்போது வண்டி உண்மையில் 59 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். டிராக்டர் சேற்றில் நடப்பதற்குப் பெரிய சக்கரமே முதற்காரணம் என்பதை உழவர் எவரும் அறிவார்.

கரிசலில் இந்த உண்மை கண்கூடாக விளங்கும். நனைந்த கரிசல் நீரை உறிஞ்சி உப்பி, டயரின் வெட்டுகளை அடைத்து, அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடுகிறது. பிடிப்பற்றுச் சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு இறங்குகிறது. இறங்கி இறங்கி டிஃபரன்ஷியல் மண்ணில் அமர்ந்தவுடன், வண்டியின் கூடு எவ்வளவு உயரத்தில் மிதந்துகொண்டிருந்தாலும் பயனில்லை. ஆகவே பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் விளையும் நிலத்துக்கு மழைக்காலத்தில் போக வேண்டியவர், பட்டை மாற்றத்தினால் அங்கே அடையும் லாபம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். அவருக்கு ஆழமான வெட்டுள்ள டயரும், காற்றைச் சற்றுக் குறைத்து மிதிபரப்பை அகலப்படுத்தும் பழக்கமும், குறைந்த வேகப் பற்சக்கரத்தில் நிதானமாக ஓட்டும் பொறுமையும், எல்லாவற்றுக்கும் மேலாக மண் ஒரு பகல் காயும்வரை காத்திருக்கும் விவேகமும் கைகொடுக்கும்.

இனி, விலை. கூடு மேலே போய் அச்சு கீழேயே நின்றுவிட்டபடியால், இரண்டையும் இணைக்கும் யாவும் நீள வேண்டும் அல்லது சரிய வேண்டும். ஜிப்ஸியில் கியர் பெட்டியினின்றும் தனியே நிற்கும் டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து, என்ஜினின் சுழற்சியை அச்சுகளுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டுகள் முன்னும் பின்னும் போகின்றன. உயர்த்தியபின் அவற்றின் சரிவு செங்குத்தாகி, முனைகளிலுள்ள ஜாயிண்டுகள் தம்மால் இயன்ற கோணத்தை மீறி வளைய நேர்வதோடு, நீண்டு சுருங்கும் பல்லிணைப்பு வெளியே வந்துவிடும் அபாயமும் உண்டு. சாதாரண ஜாயிண்ட் இரு முனைகளிலும் இருக்கும்போது, பெட்டியிலிருந்து வெளிவரும் அச்சும், டிஃபரன்ஷியலுக்குள் அந்தச் சுழற்சியைச் செலுத்தும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஷாஃப்ட் அதிராமல் சுழலும். இரட்டை ஜாயிண்ட் பொருத்தினாலோ, பினியன் அந்தப் பெட்டியை நேராக நோக்க வேண்டும். எனவே புதிய பீடத்தை எந்தக் கோணத்தில் பற்றவைப்பது என்ற கேள்விக்கு, ஷாஃப்ட் என்ன விதமானது என்று தீர்மானித்த பின்பே விடை கூற முடியும். அதைக் கேளாமல் பழைய பீடத்துக்கு நேர் எதிரே குத்துமதிப்பாகப் பற்றவைத்துவிடும் பட்டறை, அந்த வண்டியின் சொந்தக்காரருக்கு மாதந்தோறும் ஜாயிண்ட் செலவைச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

பின் அச்சில் இது செலவோடு போகும். முன் அச்சில் உயிரோடு விளையாடும். முன் டிஃபரன்ஷியலின் பினியனைச் சற்று மேல்நோக்கித் திருப்பினால், அதே அச்சின் கோடிகளில் இருக்கும் சக்கர முளைகளும் உடன் திரும்பி, காஸ்டர் என்று சொல்லப்படும் பின்சாய்வு குறைந்துவிடும். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால்தான் அது நேராக ஓட நாடுகிறது; மோட்டார் வண்டியிலும் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதற்குக் காரணம் அந்தச் சாய்வே. அது குறைந்த வண்டி, சாலையில் வேகம் எடுத்தவுடன் இடமும் வலமும் அலையும். பினியனுக்குச் சாதகமான கோணம் காஸ்டருக்குப் பிரதிகூலமாயிருப்பதால், இரண்டையும் திருப்தி செய்ய விரும்புவோர் அச்சின் கோடியிலுள்ள முளைகளை அறுத்துத் திருப்பிப் பற்றவைக்கும் அளவுக்குப் போக நேரிடுகிறது.

ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் இழுதண்டின் கதையும் இத்தகையதே. தொழிற்சாலையில் ஏறக்குறையப் படுக்கையாக வைக்கப்பட்ட அந்தத் தண்டு, பெட்டி உயர்ந்தவுடன் சரிந்துவிடும். சரிந்த தண்டோடு வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது, சக்கரம் மேலும் கீழும் ஆடும் ஒவ்வோர் அசைவும் பக்கவாட்டுத் தள்ளுதலாக மாறி, ஓட்டுபவர் கையைத் திருப்பாமலே வண்டி திரும்பும். மேலே ஏறிய பட்டையே தண்டின் வழியை மறிப்பதும் உண்டு. சிலர் தண்டை வளைத்துக் கொள்கிறார்கள். வளைந்த தண்டு வேலை செய்யும். ஆனால் நேரான தண்டின் பலம் அதற்கு இராது. முளையின் தலையில் உயர்ந்த கைகளைப் பொருத்தித் தண்டைப் பட்டைக்கு மேலாக நேரே கொண்டுபோவதே சரியான பரிகாரம்.

மற்றொரு தொந்தரவு, அச்சு முறுக்கிக்கொள்வது. சக்கரம் வண்டியை முன்னே தள்ளும்போது அதன் எதிர்விசை அச்சுக் கூட்டை உருட்டப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பட்டை. தரையில் பிறக்கும் விசைக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள உயரமே இங்கே நெம்புகோலின் நீளம். சக்கர மையம் தரையிலிருந்து 330 மில்லிமீட்டர் என்றும், முன்பு பட்டை அதற்கு 60 கீழே இருந்து இப்போது 80 மேலே போய்விட்டது என்றும் கொண்டால், 270 ஆக இருந்த நெம்புகோல் 410 ஆகிறது, அதாவது ஒன்றரை மடங்கு. மெல்லிய பட்டை இந்த முறுக்கலைத் தாங்காமல், நடுவே முன்புறம் ஒரு வளைவும் பின்புறம் எதிர் வளைவுமாக நெளியும். பிடி விட்டதும் துள்ளி மீளும். செங்குத்தான பாறையில் கடும் விசையோடு ஏறும் வண்டியின் பின்பக்கம் படபடவென்று குதிப்பதும், ஷாஃப்ட் முறிவதும் இதனால்தான். அச்சிலிருந்து சட்டத்துக்கு ஒரு தாங்கு கம்பியை, அதன் முன்முனை ஷேக்கிள்போல் ஊசலாடும்படி அமைத்தால், முறுக்கல் நிற்கும், அச்சின் சாய்வும் தடைப்படாது.

பிரேக் குழாய்கள் நீள வேண்டும். ஷாக் அப்சார்பர்களும் அப்படியே. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில், கூட்டுக்கும் அச்சுக்கும் இடைவெளி மிகுந்ததைக் கண்டு அந்த வால்வு வண்டியில் பாரமே இல்லை என்று கொண்டு, பின் பிரேக்கை அடக்கிவிடும். அதையும் புதிதாகச் சரிசெய்தாக வேண்டும். முன் அச்சில் பீடத்துக்குப் பதிலாகக் கட்டைகளைச் செருகி உயர்த்துவது ஒருபோதும் கூடாது. பிரேக் பிடிக்கும் விசையில் அந்தக் கட்டை நழுவினால், ஸ்டீயரிங் கைவிட்டுப் போகும்.

பற்றவைக்கும் வேலையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அச்சுக் குழாய் மெல்லியது. அதன் உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் துல்லியமாக ஓடுகிறது. ஒரே பக்கத்தில் ஒரே மூச்சில் பற்றவைத்தால் குழாய் சூட்டில் வளைந்து, எண்ணெய் ஸீல்களும் பேரிங்குகளும் விரைவில் அழியும். சிறு சிறு துண்டாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் பற்றவைப்பவரே இந்தக் காரியத்துக்கு உரியவர். கூலி சற்று அதிகமானாலும் அப்படிப்பட்ட கைகளையே தேடிப் பிடிக்க வேண்டும். எஃகுப் பட்டையின் மீது பற்று வைப்பதோ அதன் பதத்தைக் கெடுத்து ஒடித்துவிடும். அதை எவரும் செய்ய அனுமதிக்கலாகாது.

இவ்வளவையும் குறைவறச் செய்து முடித்த பின்னும், கையினாலும் காசினாலும் தீர்க்க முடியாத ஒன்று எஞ்சுகிறது. உயர்ந்த வண்டி கவிழும் இயல்பு மிகுந்த வண்டி. பொய்க்கால் கட்டி ஆடுகிறவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், தரையில் நிற்பவரைப் போல் பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்க மாட்டார். வண்டியின் சக்கர அகலத்தில் பாதியைப் பாரமையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே அதன் ஸ்திரத்தின் அளவு. அகலப்படுத்திய பிற்கால ஜிப்ஸியின் முன்சக்கர இடைவெளி ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர், பாதி 650. பாரமையம் 600 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் அந்த எண் 1.08; கூடு உயர்ந்து அது 700 ஆனால் 0.93. அசையாமல் நிற்கும் நிலையிலேயே, 47 பாகை வரையில் சாய்ந்தும் கவிழாதிருந்த வண்டி, இப்போது 43 பாகையிலேயே கவிழும். ஓடும் வண்டியில், வளைவின் விசையும் ஸ்பிரிங்கின் சாய்வும் சேர்ந்து இந்த எல்லையை இன்னும் குறைத்துவிடும்.

இது வீண் பயமன்று. ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சுஸுகி சாமுராய், எவ்வித உயர்த்தலும் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே, திடீரென்று திருப்பும்போது எளிதில் கவிழக்கூடியது என்று அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 1988-இல் எழுதியது. சுஸுகி நிறுவனம் அந்தப் பரீட்சையின் நேர்மையையே மறுத்து 1996-இல் வழக்குத் தொடுத்து, 2004-இல் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். அந்த விவாதத்தில் நியாயம் எவர் பக்கம் இருப்பினும், வண்டி தன் பிறவி உயரத்தில் இருந்தபோதே இவ்வளவு சர்ச்சைக்கு இடம் கொடுத்தது என்பதையும், அதற்கு மேல் 5 அங்குலம் ஏற்றுகிறோம் என்பதையும், திருநெல்வேலி சாலையில் குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரையில் சிறைத் தண்டனையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் ஆட்சேபிக்கவும் இது வழி செய்துவிடும். அனுமதி பெறாமல் காப்புக் காட்டுக்குள் வண்டியை ஓட்டுவதும் குற்றமே. ஆகையால் மலையடிவாரத்தில் இருக்கிறோம் என்பதற்காக மலை நமக்குத் திறந்து கிடப்பதாக எவரும் எண்ண வேண்டாம்.

அப்படியானால் இந்த வித்தைக்கு உரிய இடம் எது? வேலியிட்ட போட்டி மைதானமும் சொந்தத் தோட்டத்துப் பாதையுமே அதற்கு உரியவை. 1997-இல் மலேசியாவில் பிறந்து, 2014-இல் கோவாவுக்கும் வந்து சேர்ந்த ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் போன்ற போட்டிகளில், உருண்டாலும் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டும் இருக்கைப் பட்டையும் தலைக்கவசமும் சகிதமாக, நடை வேகத்தில் பாறையேறும் வண்டிகளுக்கு உயரமும் அச்சின் சாய்வும் இன்றியமையாதவை. அங்கே இந்த மாற்றத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். பட்டை, கோணம், நெம்பு, சாய்வு ஆகியவற்றின் சாஸ்திரத்தை இளைஞர்கள் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு இல்லை என்றும் கருதுகிறேன். ஆனால் 2023-இல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும், 2020-இல் புதிதாக வகுக்கப்பட்ட தாரிலும் சுருள் ஸ்பிரிங்குகளே இருப்பதால், பட்டையை மேலே ஏற்றும் பேச்சுக்கே அவற்றில் இடமில்லை. இந்தக் கலை பழைய ஜிப்ஸிக்கும் பழைய ஜீப்புக்கும் உரியது.

நாள்தோறும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர வேண்டிய வண்டியின் சொந்தக்காரருக்கு நான் சொல்லக்கூடியது வேறு. பட்டை முனைகளின் வளையங்களில் உப்பி உளுத்துப்போன புஷ்களை மாற்றுங்கள். களைத்துத் தாழ்ந்துவிட்ட பட்டைகளுக்குப் பதிலாக அதே அளவில் புதியன போடுங்கள். இழந்த உயரம் பெரும்பாலும் அதிலேயே திரும்பக் கிடைத்துவிடும். நல்ல சேற்று டயர் நான்கும், வண்டியின் அடியில் ஓர் இரும்புக் காப்புத் தகடும், இழுத்து எடுக்க ஒரு வலுவான கயிறும் அதற்கு மேல் போதும். அச்சைத் தொட்டே தீருவேன் என்பவர், முதல் பற்று விழுவதற்கு முன்னர், ஷாஃப்ட், ஸ்டீயரிங், காஸ்டர், பிரேக், தாங்கு கம்பி ஆகிய ஐந்துக்கும் பட்டறைக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஐந்துக்கும் தெளிவான பதில் வராவிட்டால் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.